உரை நல்ல உரை, டீதான் மோசம்

எங்கள் நீலகிரியில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில், அநேகமாக மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வெளியூர் அறிஞர் யாரையாவது அழைத்துப் பேச வைக்கிறார்கள். பொதுமக்களும் வரலாம், கட்டணம் இல்லை. போன ஒன்றரை வருடத்தில் நான் ஏழு உரைகளுக்குப் போயிருக்கிறேன். ‘போகலாமா? நமக்கெல்லாம் புரியுமா?’ என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கல்லூரியின் பெயரைப் போடவில்லை. குறை கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன். இதை ஏற்பாடு செய்கிற உதவிப் பேராசிரியர் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. அவர் தலையில் போய் விடியக் கூடாது.

நான் பட்டதாரி இல்லை. பத்தாவது முடித்துவிட்டு, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கிற ஆளாகச் சேர்ந்து, டீ மேக்கராக ஓய்வு பெற்றேன். டீ மேக்கர் என்றால் டீக்கடை மாஸ்டர் இல்லை. இலை வாடியது போதுமா, அரைத்த இலையை எவ்வளவு நேரம் ஆற விடலாம், டிரையரில் சூடு எவ்வளவு வைக்கலாம் என்று முடிவு செய்கிற ஆள். மூக்கும் கையும்தான் படிப்பு. அதனால் ஒரு உரை நன்றாக இருந்ததா இல்லையா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் உண்டு. என் மனைவிக்கு முழங்கால் வலி, அவள் வர மாட்டாள். ஆனால் நான் வீட்டுக்கு வந்ததும், “இன்னைக்கு என்னங்க சொன்னாங்க?” என்று கேட்பாள். அவள் மடியில் இருக்கிற பட்டாணியை உரித்து முடிப்பதற்குள் நான் சொல்லி முடித்துவிட வேண்டும். அப்படிச் சொல்ல முடிந்தால் அது நல்ல உரை. ஏழில் மூன்று தேறின. ஒன்று பாதி தேறியது. மிச்ச மூன்றில் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

முதலில் போகிற வழி. போஸ்டர் பேக்கரிச் சுவரில் ஒட்டியிருக்கும், நான் வர்க்கி வாங்கப் போனபோதுதான் முதல் தடவை பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். பொதுமக்கள் வரலாம் என்கிற வரியும் ஆங்கிலத்தில்தான், அதுவும் அடியில் பொடி எழுத்தில். மெயின் ரோட்டில் இறங்கி, மேட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஆட்டோ கிடைத்தால் அதிர்ஷ்டம். கேட்டில் காவலாளி நிறுத்தி, “யாரைப் பார்க்கணும்?” என்பார். சொற்பொழிவு கேட்க வந்தேன் என்றால், “எந்தப் புள்ளையோட அப்பா?” என்று அடுத்த கேள்வி. முதல் தடவை நான் பதில் தெரியாமல் முழித்தேன். இப்போது என்னைப் பார்த்ததும் நோட்டை நீட்டிவிடுகிறார். பெயர், ஊர், போன் நம்பர், வந்த காரணம். ‘காரணம்’ கட்டத்தில் நான் ‘கேட்க’ என்று எழுதுவேன்.

அரங்கம் பெரியது, நாற்காலிக்குப் பஞ்சமில்லை. முன் இரண்டு வரிசையில் வெள்ளைத் துணி போட்டு வைத்திருப்பார்கள். அதில் கடைசிவரை யாரும் உட்கார மாட்டார்கள். அரங்கம் நிறைந்து தெரிவதற்காகக் கீழ் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைக்கிறார்கள். வருகைப் பதிவு எடுக்கிற தாள் சுற்றி முடிந்ததும் பின்வரிசை மெல்லக் காலியாகும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றரைக்கு என்று போட்டிருப்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முதல்வர் உரை, துறைத்தலைவர் உரை, அப்புறம் அறிமுகவுரை என்ற பெயரில் வந்தவரின் பயோடேட்டாவை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை வாசிப்பது, பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. வந்தவர் வாயைத் திறக்கும்போது மணி நாலு பத்து. எங்கள் பக்கம் போகிற கடைசி நேர்ப் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அதைப் பிடிக்க ஐந்து இருபதுக்கு நான் நாற்காலியை விட்டு எழ வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நான் கேட்ட முதல் உரை ஊட்டிப் பக்கத்து முத்தொரையில் இருக்கிற ரேடியோ தொலைநோக்கி பற்றியது. பேசியவர் புனேயிலிருந்து வந்த வானியல்காரர். நாங்கள் எல்லோரும் கேரட் லோடு ஏற்றப் போகும்போதும் கல்யாணத்துக்குப் போகும்போதும் பார்த்த சமாசாரம்தான் அது. மலைச்சரிவில் அரை கிலோமீட்டருக்குப் பந்தல் போட்டு, கம்பி கட்டி நிற்கும். பட்டாளத்துக்காரர்கள் வைத்தது என்றுதான் நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதலில் கேட்டது, “ஊட்டியில் பாதி நாள் மேகம். இங்கே கொண்டுவந்து ஏன் தொலைநோக்கி வைத்தார்கள்?” என்பது. அந்தக் கேள்வியிலேயே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். விஷயம் இதுதான். ரேடியோ அலைக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை, அது ஊடுருவி வந்துவிடும். அவர்களுக்குத் தேவைப்பட்டது தெளிவான வானம் இல்லை, சரியான சரிவு. பூமி சுழல்கிற அச்சுக்கு இணையாக ஒரு நீளமான சட்டத்தை நிறுத்திவிட்டால், கதவைக் கீலில் திருப்புகிற மாதிரி ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே ஒரு நட்சத்திரத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம். நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி வடக்கில். அதனால் தெற்கு வடக்காக 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவு வேண்டும். அது முத்தொரையில் இருந்தது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டு ஆட்களே வடிவமைத்துக் கட்டினார்கள். 1970ல் வேலை செய்யத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். நெடுக 24 சட்டங்கள், அவற்றின் மேல் ஆயிரத்துச் சொச்சம் மெல்லிய எஃகுக் கம்பிகள்.

கம்பிக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருந்தால் அலை ஒழுகிப் போய்விடாதா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அது பிடிக்கிற அலை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளமாம். அவ்வளவு பெரிய அலைக்கு அந்தக் கம்பி வரிசையே முழுக் கண்ணாடி மாதிரிதான் என்றார். எனக்கு உடனே எங்கள் சல்லடைகள் நினைவுக்கு வந்தன. கண் அளவுக்கு மேல் இருக்கிற தூள் கீழே இறங்காது, அவ்வளவுதானே. அலையும் தேயிலைத் தூளும் ஒன்றில்லை என்று அவர் சொல்லியிருப்பார். ஆனால் வீட்டில் நான் இப்படித்தான் சொன்னேன், எடுபட்டது. குடையை எடுத்து, பிடியைத் துருவ நட்சத்திரம் இருக்கிற பக்கம் கொஞ்சமாகச் சாய்த்துத் திருப்பிக் காட்டினேன். நம் ஊரில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 11 டிகிரியில்தான் நிற்கும், எதிர்மலை மறைத்துவிடும். பட்டாணி பாதிகூட உரிக்கவில்லை, நான் முடித்துவிட்டேன். “சரி, அப்போ இந்த மலை சாய்ஞ்சு இருந்ததாலதான் வந்துச்சா?” என்றாள். ஆமாம் என்றேன். அவளிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

அடுத்தது மொழியியல். தலைப்பைப் பார்த்துவிட்டு நான் போகாமல் இருக்க இருந்தேன். பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) இருக்கிற என் நண்பர், ஓய்வுபெற்ற தபால்காரர், படக மொழி பேசுகிற படகர், அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். “நம்ம பாஷையைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு வருவோம், வா” என்றார்.

உரை எமனோவைப் பற்றித் தொடங்கியது. கனடாவில் பிறந்து, அமெரிக்காவில் சமஸ்கிருதம் படித்த ஆள். 1935ல் இந்தியா வந்து, இருந்த மூன்று வருடத்தில் இங்கே தோடர், கோத்தர் என்கிற நீலகிரிப் பழங்குடிகளின் வீட்டு வாசல்களில் உட்கார்ந்து அவர்கள் பேச்சை எழுதி எடுத்திருக்கிறார். பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பரோவுடன் சேர்ந்து திராவிட மொழிகளுக்கான சொற்பிறப்பு அகராதியை 1961ல் கொண்டுவந்தவரும் இவரே. 101 வயதுவரை இருந்து 2005ல் காலமானார். நாம் எருமை என்பதைப் படக மொழியில் எம்மெ என்பார்கள், கன்னடத்திலும் அதேதான். இப்படி ஒரே வேரிலிருந்து எந்தெந்த மொழியில் என்னென்ன சொல் கிளைத்தது என்று வரிசையாக அடுக்கிக் காட்டுகிற அகராதி அது. என் நண்பர் ‘எம்மெ’ வந்ததும் என் தொடையில் ஒரு தட்டு தட்டினார். ஏதோ அவர் வீட்டு எருமையைத் திரையில் காட்டின மாதிரி.

அன்றைக்கு நடந்ததில் எனக்கு மறக்காதது வேறு. தோடர் மொழியில் நாக்கை உருட்டிச் சொல்கிற ர மட்டும் மூன்று விதம் என்றார் பேசியவர். நமக்கு ர, ற என்று எழுத்து இரண்டு இருந்தும் பேச்சில் ஒன்றாக்கிவிட்டோம், அவர்கள் எழுத்தே இல்லாமல் மூன்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர் சொல்லிப் பார்த்தார், அவருக்கே சரியாக வரவில்லை. சிரித்துக்கொண்டே, “இங்கே யாராவது தோடர் இருக்கிறீர்களா?” என்றார். பின்னால் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி எழுந்தாள். வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று சொற்கள் சொன்னாள். எங்களுக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. அரங்கம் சிரித்தது. பேசியவர் சிரிக்கவில்லை. மைக்கைக் கொண்டுபோய் அவளிடமே கொடுத்துவிட்டு, “இன்னொரு தடவை, மெதுவாக” என்றார். அவள் சொன்னாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஏதோ வித்தியாசம் இருப்பது இந்தத் தடவை எனக்குக் கேட்டது. நாக்கு எங்கே போய்த் தட்டுகிறது என்பதில் இருந்தது அது. போனை நோண்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் ஒருவரும் எழுந்து போகவில்லை.

தோடர் பாட்டில் ஒரு சொற்றொடர் வந்தால் அதற்கு இணையாக இன்னொன்று கட்டாயம் வருமாம். ஒரு ஆளின் பெயர், ஒரு இடத்தின் பெயர் எதுவானாலும் அதற்கு ஜோடி ஏற்கெனவே இருக்கும். பாடுகிறவருக்கு அந்த ஜோடிகள் எல்லாம் மனப்பாடம். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கிழவிகள் ஒப்பாரி வைக்கும்போதும் ஒன்றைச் சொல்லி, அதையே மாற்றி இன்னொரு தரம் சொல்வார்கள். இதை நான் கேட்க நினைத்தேன். மணி ஐந்து இருபது. எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது, சோலைக்காடும் புல்வெளியும். இதில்தான் எனக்கு வருத்தம். விஷயம் தங்கம், சொன்னவர் அதைத் தகரமாக்கிவிட்டார். எண்பதுக்கு மேல் ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் இருந்ததை நமக்கு முதுகைக் காட்டி வாசித்தார். போதாக்குறைக்கு அன்று மழை. கூரை தகரம். இந்த ஊரில் கூரையைத் தகரத்தில் போட்டுவிட்டு ஜூலையில் சொற்பொழிவு வைக்கிற யோசனை யாருக்கு வந்ததோ. அரை மணி நேரம் அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காதில் விழுந்த வரைக்கும் சொல்கிறேன். மேல் நீலகிரியில் பள்ளங்களில் சோலையும் மேடுகளில் புல்லும் கலந்து கிடக்கும். வெள்ளைக்காரர்கள் அந்தப் புல்வெளியைப் பார்த்து, காடு அழிந்துபோன தரிசு நிலம் என்று முடிவு கட்டிச் சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் அதையே செய்தோம். ஆனால் சதுப்புகளின் அடியில் இருக்கிற கரிமண்ணை வெட்டியெடுத்து ஆராய்ந்ததில், அந்தப் புல் யாரோ காட்டை வெட்டியதால் வந்ததில்லை, இருபதாயிரம் வருடங்களுக்கு முன்பே இங்கே இருந்தது என்று தெரிந்திருக்கிறது. காற்றில் இருக்கிற கார்பனை இந்தப் புல் எடுத்துக்கொள்கிற விதம் வேறு, மரம் எடுத்துக்கொள்கிற விதம் வேறு. அந்த அடையாளம் மக்கிய பிறகும் மண்ணில் நிற்கும். திறந்த வெளியில் மரக்கன்று தலையெடுக்காததற்கு உறைபனி ஒரு காரணம் என்றார்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். நாற்பது வருடம் தேயிலையோடு இருந்தவன் நான். உறைபனி அடித்தால் முதலில் கருகுவது பள்ளத்துச் செடிதான். குளிர்ந்த காற்று கனம், அது கீழே இறங்கித் தேங்கும். மேட்டுச் செடி தப்பித்துவிடும். அப்படியானால் பள்ளத்தில் சோலை எப்படி நிற்கிறது? மேட்டில் ஏன் வெறும் புல்? ஒருவேளை சோலைக்குள் கன்றுக்கு மேல் மரக்கூரை இருப்பதால் பனி இறங்காதோ என்னவோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து, ‘இது கேள்வி இல்லை, ஒரு கருத்து’ என்று ஆரம்பித்து எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன். சந்தேகம் இன்னும் என்னிடமே இருக்கிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றிலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. நடுவில் இருக்கிற கல்லூரியில், மூன்று மணிக்கே தூளையும் பாலையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டு, ஐந்து மணிவரை அடுப்பில் கொதிக்க விட்டு, காகிதக் கப்பில் ஊற்றித் தருகிறார்கள். அவ்வளவு நேரம் கொதித்தால் துவர்ப்பைத் தவிர ஒன்றும் மிஞ்சாது, அதை மறைக்கத்தான் அவ்வளவு சர்க்கரை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அதைக் குடித்துவிட்டு ‘நீலகிரி டீ’ என்று தலையாட்டினார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. வர்க்கி மட்டும் நன்றாக இருந்தது, அது பேக்கரிக்காரர் புண்ணியம்.

இனி நான்காவது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தலைப்பு, இலங்கைத் தோட்டங்களும் தாயகம் திரும்பியவர்களும். பேசியவர் வெளிநாட்டில் வரலாறு சொல்லித் தருகிற ஒரு அம்மா, தமிழர்தான். செய்தி எப்படியோ லயங்களுக்குப் பரவியிருந்தது. ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அதில் வருகிற ஆட்கள். இங்கே எங்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். நான் பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். அன்று நாற்பது ஐம்பது பேர், சால்வையைப் போர்த்திக்கொண்டு, வேலை முடிந்த கையோடு வந்திருந்தார்கள். காவலாளியின் நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது. பின்னால் இடமில்லாமல் நின்றவர்களைப் பார்த்த அந்த அம்மா, முன்வரிசையில் இருந்த வெள்ளைத் துணியைத் தானே எடுத்து மடித்து வைத்துவிட்டு, “இங்கே வந்து உட்காருங்க” என்றார். ஆங்கிலத்தில் தயார் செய்து வந்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் பேசினார்.

இலைநோய் வந்து காப்பி அழிந்து தேயிலை வந்தது, 1948ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனது, 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டது எல்லாவற்றையும் சொன்னார். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு அங்கே குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்துவிட்டு, 1974ல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். “தேயிலையை எடை போட்டுப் பிரிக்கிற மாதிரியா?” என்று என் பக்கத்தில் இருந்த கிழவி சத்தமாகவே கேட்டாள். அந்த அம்மா பேச்சை நிறுத்தி, “ஆமாம்மா, அப்படித்தான்” என்றார்.

திரையில் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை ஒன்றைக் காட்டினார். எங்கள் வரிசையில் ஒரு சலசலப்பு. எல்லார் வீட்டுத் தகரப் பெட்டியிலும் அது இருக்கிறது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, முகாமில் கிடந்து, அந்த அட்டையில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அங்கே போக வேண்டும். எங்களுக்குத் திருச்சிப் பக்கம் எழுதினார்கள். வியாபாரக் கடன் கொடுத்தார்கள். கொழுந்து எடுத்ததைத் தவிர வேறொன்றும் தெரியாத அப்பா பெட்டிக்கடை வைத்தார். எட்டு மாதத்தில் கடையையே தின்று தீர்த்தோம். பிறகு யாரோ சொல்லி, குளிரும் தேயிலையும் இருக்கிற இடமாகப் பார்த்துக் கோத்தகிரி ஏறினோம். எங்களைப் போல் வந்தவர்களுக்காகத்தான் அரசாங்கம் 1968ல் தேயிலை நட ஆரம்பித்தது, அதுதான் இன்றைக்கு டான்டீ என்கிற அரசுத் தேயிலைக் கழகம். எங்கள் குடும்பத்துக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை, தனியார் தோட்டந்தான்.

‘பெரட்டு’ என்ற சொல்லை அவர் சொன்னபோது எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. காலையில் பேர் கொடுக்கக் கூடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். ஆங்கிலத்தில் பரேடு என்று துரைமார் சொன்னது எங்கள் வாயில் அப்படி ஆயிற்றாம். அம்மா சாகும்வரை, நான் ஷிஃப்டுக்குக் கிளம்பினால், “பெரட்டுக்கு நேரமாச்சுடா” என்றுதான் சொல்வாள்.

கேள்வி நேரம். அன்று நான் பஸ்ஸை விட்டுவிட முடிவு செய்திருந்தேன். எழுந்து, “அம்மா, நீங்க ஒப்பந்தம்னு சொல்றீங்க. எங்களை யாரும் கேட்கல. விரட்டி விட்டாங்க. எங்க அப்பா…” என்று ஆரம்பித்ததும், நடத்திக்கொண்டிருந்தவர் மைக்கில், “ஐயா, கேள்வியை மட்டும் சுருக்கமா” என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் எட்டு நிமிடம் கருத்து சொன்னவரை யாரும் சுருக்கச் சொல்லவில்லை.

அந்த அம்மா கூட்டம் முடிந்ததும் டீ கப்போடு என்னைத் தேடி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். முழுவதும் கேட்டார். எழுதிக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், “ஐயா, நீங்க சொல்றது சரிதான், விரட்டத்தான் செஞ்சாங்க. ஆனா உங்க அப்பா கையெழுத்தோ கைநாட்டோ வச்சு ஒரு விண்ணப்பம் போட்டிருப்பார். அது இல்லாம இந்தியப் பாஸ்போர்ட் வந்திருக்காது. வீட்டில் பழைய பேப்பர் இருந்தா எடுத்துப் பாருங்க” என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டுக் கதையை எனக்கே திருத்துகிறாரே என்று. அன்று மூன்று பேராகச் சேர்ந்து வண்டி பிடித்து, ஆளுக்கு இருநூறு ரூபாய் அழுதுவிட்டு வந்தோம்.

இரவே பெட்டியை இறக்கினேன். பாஸ்போர்ட்டில் நாங்கள் ஐந்து பேரும் நிற்கிற போட்டோ. அதோடு மடித்து வைத்த ஒரு ரசீது, விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கு. தேதி 1967. நாங்கள் கப்பல் ஏறியது 1970ல். அப்பா மூன்று வருடம் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவுக்குத் தெரியுமா என்று இப்போது யாரிடம் கேட்பது? “விரட்டிட்டாங்க” என்று சொன்னது அம்மாதான். அப்பா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

என் மனைவி முகாமில் கொடுத்த அந்தக் குடும்ப அட்டையை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். என் பெயருக்கு நேரே வயது 8 என்று இருந்தது. பள்ளிச் சான்றிதழில் நான் 1961ல் பிறந்தவன், அப்படியானால் ஒன்பது. நாலாவதில் சேர்க்க வயது போதாது என்று தலைமையாசிரியர் கூட்டி எழுதியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் தொழிற்சாலையில் என்னை 58ல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“அப்போ ஒரு வருஷச் சம்பளம் போச்சா?” என்றாள்.

அன்றைக்குப் பட்டாணி உரிக்கவே இல்லை.

ஆக, போகலாமா என்று கேட்டவர்களுக்கு, போகலாம். எப்போது என்று பார்த்துப் போங்கள். ஜூன் முதல் ஆகஸ்டுவரை கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மூன்றரைக்குப் போகவே வேண்டாம், நாலுக்குப் போனாலும் பொன்னாடையைப் பார்க்கலாம். முன்வரிசைத் துணியை எடுத்துவிட்டு உட்காருங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் இப்போது அங்கேதான் உட்காருகிறேன். ஏற்பாடு செய்கிற தம்பியிடம் போஸ்டரைத் தமிழிலும் போடச் சொல்லியிருக்கிறேன். விளக்கேற்றி முடித்து மூன்றே முக்காலுக்குப் பேச்சைத் தொடங்கினால் கேள்வி கேட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றும் சொன்னேன். தலையாட்டினார். போஸ்டர் தமிழில் வந்துவிட்டது. பேச்சு இன்னும் நாலு பத்துக்குத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களைப் பற்றி. பஸ்ஸை நம்பாமல் நாங்கள் ஒரு ஜீப் பேசியிருக்கிறோம். தபால்கார அண்ணன், நான், தேயிலையை எடை போடுகிற மாதிரியா என்று கேட்ட அந்தப் பாட்டி, அவர் பேத்தி. இன்னும் மூன்று பேர் ஏறலாம். டீ ஃபிளாஸ்கில் நான் கொண்டு வருகிறேன்.